அழுகை நின்றால் போதுமா?

1950களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஒரு குழந்தையை மருத்துவமனையில் சேர்த்தால், தாய் வார்டு வாசலோடு திரும்பிவிட வேண்டும். பல இடங்களில் வாரத்துக்குச் சில மணி நேரம்தான் பார்க்க விடுவார்கள். செவிலியர்கள் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. பெற்றோர் வந்துபோனால் பிள்ளைகள் கதறுகிறார்கள், வராவிட்டால் அடங்கிவிடுகிறார்கள் என்பதைத் தினமும் கண்ணால் பார்த்தவர்கள். பார்த்தது பொய்யில்லை, அதற்கு அவர்கள் கொண்ட பொருள்தான் தவறு.

அதைக் கண்டுகொண்டவர் ஜேம்ஸ் ராபர்ட்சன். போர்க்காலத்தில் உளப்பகுப்பாய்வாளர் அன்னா ஃபிராய்டு நடத்திய குழந்தைகள் காப்பகத்தில் கட்டடப் பராமரிப்பு வேலை பார்த்தவர். குழந்தைகளிடம் கண்டதையெல்லாம் பணியாளர்கள் சீட்டில் எழுதிவைக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். பின்னாளில் மனநல மருத்துவர் ஜான் பவுல்பியோடு சேர்ந்து மருத்துவமனைகளில் உட்கார்ந்து பார்த்தபோது, அவர் கண்ணுக்கு மூன்று கட்டங்கள் தெரிந்தன. முதலில் குழந்தை அம்மாவைத் தேடி அலறுகிறது. பிறகு துவண்டு, முனகலோடு கிடக்கிறது. நாள்கள் நீண்டால் ஒரு காலையில் எழுந்து சிரிக்கிறது, யார் ஊட்டினாலும் சாப்பிடுகிறது. “பழகிட்டான்” என்று வார்டே மகிழ்வது இந்த மூன்றாவது கட்டத்தில்தான். ஆனால் அம்மா வந்து நின்றால், யாரோ வந்ததுபோலப் பார்க்கிறது.

சொன்னால் யாரும் நம்பவில்லை. அதனால் லாரா என்ற இரண்டரை வயதுக் குழந்தை அறுவை சிகிச்சைக்காக எட்டு நாள் லண்டனில் ஒரு மருத்துவமனையில் இருந்ததை அவரே படமெடுத்தார். சாதகமான காட்சிகளைப் பொறுக்கியெடுத்தார் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்று, தினமும் குறித்த நேரத்தில், சுவர்க் கடிகாரமும் சட்டகத்துக்குள் தெரியும்படி எடுத்தார். லாரா அதிகம் அழவில்லை. அழுகையை அடக்கப் பாடுபடும் அந்த முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. 1952இல் ராயல் சொசைட்டி ஆஃப் மெடிசினில் படத்தைத் திரையிட்டபோது மருத்துவர்கள் பலர் அவர் மீதே கொதித்தார்கள். ஆனாலும் 1959இல், மருத்துவமனையில் குழந்தைகளின் நலனை ஆராய்ந்த பிளாட் குழுவின் அறிக்கை, பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், சிறு குழந்தையோடு தாயும் தங்கலாம் என்று பரிந்துரைத்தது. (நம் அரசு மருத்துவமனைகளில் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுக்கும் பாட்டிகளுக்கு இந்த அறிக்கை தேவைப்படவில்லை.)

ராபர்ட்சன் கண்டதையே பிடித்துக்கொண்டு, “அதனால்தான் பொம்பளை வேலைக்குப் போகக் கூடாது” என்று கிளம்பியவர்களும் உண்டு. அநியாயம். ராபர்ட்சனும் மனைவி ஜாய்ஸும் பின்னாளில் எடுத்த படங்களே அதற்குப் பதில். தாய் பிரசவத்துக்குப் போயிருந்த நாள்களில் சில குழந்தைகளை ஜாய்ஸ் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டார். அவர்களும் ஏங்கினார்கள், ஆனாலும் தாக்குப்பிடித்தார்கள். 1969இல் வெளியான படத்தில் வரும் ஜான், பதினேழு மாதக் குழந்தை, ஒன்பது நாள் ஒரு காப்பகத்தில் இருந்தான். அங்கிருந்த செவிலியர்கள் அன்பானவர்களே. ஆனால் முறை வைத்து ஆள் மாறிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் மடியாக முயன்று பார்த்த ஜான் கடைசியில் முயல்வதையே விட்டுவிட்டான். தாய் திரும்பி வந்தபோது அவளிடம் போகவும் மறுத்தான். ஆக, பிரிவு மட்டுமே குழந்தையை உடைப்பதில்லை. அந்த நேரத்தில் அதற்கென்று ஒரு மடி இல்லாததுதான் உடைக்கிறது.

அழுகிற குழந்தை இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது, கூப்பிட்டால் யாராவது வருவார்கள் என்று. அழுகை இரண்டு விதமாக நிற்கும்: ஒருவர் வந்ததால் நிற்பது ஒன்று, யாரும் வர மாட்டார்கள் என்று புரிந்ததால் நிற்பது இன்னொன்று. தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் சமத்துதான்.

ஜூன் மாதம் எல்.கே.ஜி. வாசலில் “நீங்க போங்கம்மா, நாலு நாள்ல சரியாயிடும்” என்பார்கள். நாலு மணி நேரப் பள்ளியும் வாரக்கணக்கில் மருத்துவமனையும் ஒன்றல்ல. பெரும்பாலான பிள்ளைகளுக்கு உண்மையிலேயே சரியாகிவிடும். இருந்தாலும் மாலையில் கூப்பிடப் போகும்போது, “இன்னைக்கு அழுதானா?” என்பதோடு நிறுத்தாதீர்கள். “அழுதப்போ யார்கிட்ட போனான்?” என்று கேளுங்கள். ஒரு மிஸ்ஸின் பெயரோ ஆயாவின் பெயரோ சட்டென்று வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம். வராவிட்டால், மறுநாள் வகுப்பறை ஓரமாகக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துகொள்ள அனுமதி கேளுங்கள்.