ஓடும் நீரிலும் ஓர் அளவு

அமெரிக்காவின் அரிஸோனா மாநிலத்தில், சொனோரா பாலைவனத்திலே அரவைப்பா என்றொரு மலைப் பிளவு உண்டு. இருபுறமும் சுமார் 1000 அடிவரை உயர்ந்து நிற்கும் பாறைச் சுவர்கள். மேலே கள்ளியும் கல்லும். அடியிலோ ஆண்டு முழுவதும் வற்றாத ஓர் ஓடை! மரங்களுக்கும் மீன்களுக்கும் மலையாடுகளுக்கும் அந்த ஓடையே உயிர். உயிருள்ள ஒவ்வொன்றையும் நீரிலிருந்தே ஆக்கியதாக அல்லாஹ் திருமறையில் அறிவிப்பதன் பொருள் அங்கே கண்கூடாகத் தெரிகிறது. சுப்ஹானல்லாஹ்!

அப்பிளவினுள் அமைத்த பாதை எதுவுமில்லை. நடப்பவர் ஓடையில் இறங்கி, காலை நனைத்துக்கொண்டேதான் பல மைல் செல்ல வேண்டும். 1984-ல் அதனைக் காக்கப்பட்ட வனமாக அமெரிக்க அரசு சட்டமியற்றிற்று. நாளொன்றுக்கு 50 பேருக்கு மட்டுமே அனுமதி. வளர்ப்பு நாயைக்கூட உடன் கொண்டுசெல்லலாகாது.

ஏன் இத்தனை கட்டுப்பாடு? நீர் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று கேட்கலாம். ஆனால் ஒருவர் அதை அசுத்தப்படுத்தினால், பின்னே வருபவரும் அங்கு வாழும் வாயில்லா ஜீவன்களும் அல்லவா துன்புறுவர்! நிறைந்து ஓடுவதாலேயே அது நமக்குச் சொந்தமாகிவிடாது, அது அமானிதம்.

அன்பர்களே! இது நமக்குப் புதிய பாடமா? நீர்த்துறை, மக்கள் நடக்கும் வழி, நிழல் ஆகிய இடங்களில் மலஜலம் கழிப்பது சாபத்தைத் தேடித்தரும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் என்றோ எச்சரித்துவிட்டார்கள். ஓடும் ஆற்றங்கரையில் ஒளுச் செய்தாலும் விரயம் கூடாதென்பது அவர்கள் போதனையாக நமக்கு வந்துள்ளது. அவர்களோ ஒரு ‘முத்து’ அளவு நீரில், அதாவது ஒரு லிட்டருக்கும் குறைவான நீரில், ஒளுவை முடித்தார்கள்.

நம் நிலை என்ன? கெண்டியில் நீர் மொண்டு ஒளுச் செய்தவரை அளவு நம் கையில் இருந்தது. இன்று குழாயைத் திறந்துவிட்டு நிய்யத்துச் செய்கிறோம். தலைக்கு மஸஹு செய்யும்போதும் அது கொட்டிக்கொண்டே இருக்கிறது. வணக்கத்திற்கான ஆயத்தத்திலேயே, இறைவன் வெறுக்கும் வீண்விரயத்தைச் செய்துவிட்டுத் தக்பீர் கட்டுகிறோம்! அருகில் நிற்கும் நம் பிள்ளை அதைத்தான் ஒளு என்று கற்றுக்கொள்கிறது.

நீரே கிடைக்காத முஸாபிருக்கு மண்ணைக் கொண்டு தயம்மும் செய்யச் சலுகை அளித்தவன் அல்லாஹ். நீர் கிடைத்தவரிடம் அவன் கணக்குக் கேட்கமாட்டானா? அருட்கொடைகளைப் பற்றி மறுமையில் விசாரிக்கப்படுவோம் என்பது மறையின் எச்சரிக்கையன்றோ!

ஆகவே நாளை சுபுஹுத் தொழுகைக்கு ஒரு செம்பு நீர் எடுத்து வைத்து ஒளுச் செய்து பார்ப்போம். முகம், கை, தலை, கால் யாவும் முறைப்படி முடிந்த பின்னும் செம்பில் நீர் மிஞ்சக்கூடும். அந்த மிச்சத்தைப் பிள்ளைக்குக் காட்டுவோம்.

அளவறிந்து அருளை அனுபவிக்கும் நன்மக்களாக நம்மை அல்லாஹ் ஆக்கிவைப்பானாக! ஆமீன்.