செவலையை ஒளித்துவைத்தேன்

நாய்பிடி வண்டி வந்த காலையில் செவலையை உள்ளே கூப்பிட்டு கேட்டைச் சாத்தினேன். தெருநாய்தான், ஆனால் தினமும் என் கையால் பிஸ்கட் தின்பவள். "கு.க. பண்ணி, ஊசி போட்டு, இங்கேயே கொண்டாந்து விட்டுருவோம் சார்" என்றார் வலை வைத்திருந்தவர். "இங்க நாய் எதுவும் இல்லீங்க" என்றேன். அன்றைக்கெல்லாம் ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்ட நினைப்பு எனக்கு.

அடுத்த வருஷம் அவள் போட்ட குட்டிகளில் ஒன்று, இஸ்திரி வண்டிக்காரர் மகளின் கெண்டைக்காலைக் கடித்தது. பிள்ளைக்கு ஏழு வயது. "தம்பி, இதுக்கு ஊசி போட்டிருக்கா?" என்று அவர் என்னைத்தான் கேட்டார். சோறு போடுகிறவனுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைத்திருக்கிறார்.

சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். காயத்தைச் சுற்றி மருந்து செலுத்தினார்கள். பிறகு 0, 3, 7, 28 என்று நான்கு நாள் தடுப்பூசி. அந்த நான்கு நாளும் அவர் கரி பற்றவைக்கவில்லை, கூலியும் இல்லை. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் ரேபிஸ் அறிகுறி வந்துவிட்டால் பிழைப்பது மிக மிக அபூர்வம். என் கருணைக்கான பில்லை அவர் வீட்டில்தான் கட்டினார்கள்.

கொன்றால் தீருமா? சென்னை அதைப் பல காலம் செய்து பார்த்த ஊர். ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகள் தொடர்ந்து வாதாடிய பிறகு, 1996இல்தான் மாநகராட்சி கருத்தடைக்கு மாறியது. 2001இல் நாடு முழுமைக்கும் விதிகள் வந்தன. கணக்கு எளிமையானது. பத்தில் ஏழு நாய்க்குத் தடுப்பூசி இருந்தால் வைரஸ் பரவும் சங்கிலி அறுந்துவிடும். கருத்தடை மட்டும் ரேபிஸை நிறுத்தாது. ஆனால் அது இல்லாவிட்டால் வருஷாவருஷம் ஊசி போடாத குட்டிகள் சேர்ந்து அந்த ஏழு, ஐந்தாகும், நாலாகும். ஊசி போட்ட நாயை அப்புறப்படுத்தினாலும் அப்படித்தான். காலியான இடத்துக்கு ஊசி போடாத இன்னொன்று வரும்.

2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்களைக் காப்பகங்களில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், சில நாட்களிலேயே அதைத் திருத்தி, ரேபிஸ் இல்லாத, மூர்க்கமில்லாத நாய்களைக் கருத்தடையும் ஊசியும் முடித்துப் பிடித்த இடத்திலேயே விடச் சொன்னது. அந்த நாட்களில் எல்லாரும் கேட்டது ஒன்றைத்தான்: நீ நாய் பக்கமா, குழந்தை பக்கமா?

நான் கருத்தடையின் பக்கம். ஆனால் எதிர்த்தரப்பு கேட்கும் ஒரு கேள்வியிலிருந்து என்னால் தப்பிக்க முடியவில்லை. அந்த ஏழு வந்து சேரும்வரை கடிபடுவது யார்? காரில் போகிறவனா? விடிகாலையில் தெருக்கூட்டுபவரும், நடந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளையும்தானே. இன்னொருவர் காலை நம்பிப் பொறுமை காப்பது அறமாகாது. அந்தப் பொறுமையைக் கேட்கும் உரிமை எனக்கு வேண்டுமென்றால், நாயை நானே வண்டியில் ஏற்ற வேண்டும். சோறு போடும் கைக்கு அந்தக் கடமையும் உண்டு.

போன மாதம் வண்டி வந்தபோது செவலையை நான்தான் கூப்பிட்டேன். நம்பி வந்தாள். வலை விழுந்தபோது என்னைத்தான் பார்த்தாள்.

சில நாளில் திரும்பிவிட்டாள், காதில் ஒரு சின்ன வெட்டோடு. இஸ்திரிக்காரர் மகள் தெருவில் இறங்கும்போது முதலில் அந்தக் காதைத்தான் பார்க்கிறாள். செவலை இன்னும் என் கையிலிருந்து பிஸ்கட் வாங்குவதில்லை. தரையில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.