அழைப்பும் ஊதியமும்

முதல் உலகப் போர் முடிவுறாத 1917 நவம்பர் 7 அன்று, மியூனிக் நகரில் மாணவர் அமைப்பொன்றின் வேண்டுகோளை ஏற்று, அறிவியலை வாழ்க்கைப் பணியாகக் கொள்வது குறித்து உரையாற்றிய சமூகவியலாளர் மாக்ஸ் வேபர், தத்துவத்தைப் பின்னுக்கு வைத்துப் பிழைப்பிலிருந்தே தொடங்கினார். அன்றைய ஜெர்மனியில் முனைவர் பட்டம் பெற்றவர், இரண்டாவது ஆய்வேடொன்றை அளித்து, 'ஹபிலிடட்சியோன்' எனப்பட்ட கற்பிக்கும் தகுதியை அடைந்தாலும், 'பிரிவாட்டோட்சென்ட்' என்னும் நிலையில், அதாவது பல்கலைக்கழகச் சம்பளம் ஏதுமின்றி, வகுப்புக்கு வரும் மாணவர் செலுத்தும் கட்டணத்தை மட்டும் பெற்றுக் காலவரையறையின்றிக் காத்திருக்க வேண்டியிருந்தது. பேராசிரியர் பதவி கிடைப்பதில் தற்செயலுக்கு உள்ள பெரும்பங்கையும் வேபர் மறைக்கவில்லை. தம்மினும் திறம் குறைந்தோர் ஆண்டுதோறும் முந்திச் செல்வதைக் கண்டு மனம் கசக்காமல் இருக்க இயலுமா என்று கேட்டால், பணிக்காகவே வாழ்வதாக இளைஞர் எல்லோரும் விடையளிப்பதாகவும், அவ்வாறு தாக்குப்பிடித்தோர் வெகுசிலரே என்றும் அவர் கூறினார்.

பணிக்காக வாழ்தல் என்னும் அந்த விடை சமய வேர் உடையது. உலகியல் தொழிலையே இறைவனின் அழைப்பாகக் கருதும் மனப்பாங்கு புராட்டஸ்டண்ட் சமயத்தில் உருவானது என்பது வேபர் 1904-05இல் முன்வைத்த கருத்து. 17ஆம் நூற்றாண்டின் டச்சு இயற்கையியலாளர் ஸ்வாம்மர்டாம் பேனின் உடற்கூற்றிலேயே இறையருளுக்குச் சான்று கண்டார். ஆனால் அறிவியல் உலகை மாயம் நீங்கியதாக்க, எந்தக் கண்டுபிடிப்பும் சில பத்தாண்டுகளில் பழையதாகிவிடும் என்ற நிலை வந்தபின், அழைப்பவர் யார் என்ற வினா எஞ்சுகிறது. அறியத்தக்கது எது என்பதை அறிவியலே நிறுவ இயலாது. அதை ஆய்வாளர் நம்பியே தொடங்குகிறார் என்பது வேபரின் நிலைப்பாடு.

இந்த நிலைப்பாடு நேர்மையானதே எனினும், பின்வந்தோர் உரையின் முற்பகுதியை விட்டுப் பிற்பகுதியை மட்டும் போற்றுவது ஏற்கத்தக்கதன்று. துறவியைக்கூட மடம் பட்டினி போடுவதில்லை. அழைப்பு என்பது ஆய்வாளர் தமக்குத் தாமே விதித்துக்கொள்ளும் கடமை. அதைக் காட்டி ஊதியத்தை மறுக்கும் நிறுவனம் பிறருடைய பக்தியில் இலாபம் காண்கிறது. எடுத்துக்காட்டாக, கணிதவியலாளர் எம்மி நோய்தர் 1915இல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, பெண் என்பதால் கற்பிக்கும் தகுதி மறுக்கப்பட்டு, அங்கிருந்த பேராசிரியர் ஹில்பர்ட்டின் பெயரில் வகுப்பெடுத்தார். சமச்சீர்மைக்கும் ஆற்றல் போன்றவற்றின் அழியாமை விதிகளுக்கும் உள்ள தொடர்பை நிறுவும் தேற்றத்தை 1918இல் வெளியிட்டார். 1919இல் தகுதியும் 1923இல்தான் ஊதியமும் பெற்றார். யூதர் என்பதற்காக நாஜி அரசு 1933இல் அவரைப் பணிநீக்கம் செய்யும் வரையிலும் கோட்டிங்கன் அவரை முழுப் பேராசிரியராக்கவில்லை.