சுவர் யாருக்குச் சொந்தம்?

சீமான் வீட்டுக் கூடத்தில் மாட்டிய சித்திரத்தைச் சீமான் காண்பான்; சீமானைக் காண வந்தவன் காண்பான். பொதுச் சுவரில் தீட்டிய சித்திரத்தையோ சுமை தூக்கிச் செல்பவனும் காண்பான். அவன் காணக் கூடாதென்றால், சுவருக்குத் திரையிட்டாக வேண்டும். அப்படித் திரையும் இட்டார்கள், மெக்சிகோ நகரில்!

1910இல் மூண்ட மெக்சிகோப் புரட்சி, பத்தாண்டுக் காலம் நாட்டை உலுக்கிற்று. புயல் ஓய்ந்து பார்த்தபோது, மக்களில் பெரும்பாலோர்க்கு எழுத்து வாசனையே இல்லை. ஏடு அவர்களிடம் பேசாது; சுவர் பேசும். 1921இல் கல்வி அமைச்சரான ஹொசே வாஸ்கொன்செலோஸ், பொதுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தார். தியேகோ ரிவேரா, ஒரோஸ்கோ, சிக்கெய்ரோஸ் ஆகிய மூவரின் பெயரும் அச்சுவர்களோடு இணைந்துவிட்டன. மாளிகைக்குள் முடங்கும் சட்டமிட்ட படங்களை வெறுத்து, மக்கள் காணும் பெருங்கலையே வேண்டுமென்று அறிக்கை விடுத்தவர்கள் அவர்கள். ஓவியர்க்கெனத் தொழிற்சங்கம் கண்டவர்கள்.

கல்வி அமைச்சகத்தின் முற்றங்களில் 1923 முதல் 1928 வரை ரிவேரா தீட்டினார். சாயமிடும் தொழிலாளி, சுரங்கத்தில் இறங்குபவன், வெட்டவெளியில் உழவர் குடும்பத்துக்குப் பாடம் சொல்லும் ஆசிரியை. இவர்களே அங்கே காவிய மாந்தர். சுரங்கத்தைவிட்டு வெளிவரும் தொழிலாளியைக் கண்காணி சோதனையிடும் காட்சி ஒன்றுண்டு. இரு கைகளையும் விரித்து நிற்கிறான் அந்த ஏழை, சிலுவையில் அறையுண்டவன்போல! தேவாலயத்தில் எந்தக் கோலத்தை வணங்கினானோ, அதே கோலத்தில் தன்னையே அங்கு காண்கிறான்.

இவ்வகை ஓவியத்தை ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மீதே தீட்டுவர். ஒரு நாளில் முடிக்கக்கூடிய அளவுக்கே பூச வேண்டும். அது காயுமுன் தீட்டிவிட வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுக் கல்லாக இறுகும்போது, வண்ணமும் அதனோடு கல்லாகிவிடும். ஓவியம் சுவரின்மேல் இல்லை, சுவரே ஓவியம். ஆகவேதான், அதனை ஒழிக்க எண்ணியவர்கள் சம்மட்டியைத் தேடினர்.

சம்மட்டி விழுந்தது நியூயார்க்கில். ராக்பெல்லர் மையத்தின் முகப்பு மண்டபத்தில் 1933இல் ரிவேரா ஒரு பெருஞ்சித்திரம் தீட்டினார். தொழிலாளரின் கைகளை இணைத்து நிற்கும் லெனின் அதில் இடம் பெற்றார். அந்த முகத்தை எடுத்துவிடுமாறு கேட்டார் நெல்சன் ராக்பெல்லர். வேண்டுமானால் லிங்கனையும் சேர்க்கிறேன், லெனினை எடுக்கமாட்டேன் என்றார் ஓவியர். பேசிய கூலி 21,000 டாலரும் கொடுத்து அவரை வெளியேற்றினர். 1934 பிப்ரவரியில் சித்திரம் தூள்தூளாயிற்று. அதே ஆண்டு, மெக்சிகோ நகரின் நுண்கலை மாளிகையில் அதனை மீண்டும் தீட்டினார் ரிவேரா.

கூலி கொடுத்தானே, சுவரும் அவனுடையதுதானே என்று சட்டம் படித்த நண்பர் கேட்கக்கூடும். சுவருக்கு விலை கொடுத்தான், சாயத்துக்கு விலை கொடுத்தான்; காண வேண்டியவர் கண்ணுக்கு விலை கொடுத்தானா? தீட்டாதே என்று தொடக்கத்திலேயே மறுக்கும் உரிமை அவனுக்குண்டு. பொது மண்டபத்தில் தீட்டச் சொல்லிவிட்டு, நான் விரும்பும் உலகத்தை மட்டும் காட்டு என்பது உரிமையாகாது, ஆணவம்.

இதுவரை வழக்கு எளிது. இனிமேல்தான் சிக்கல்.

1947இல் மெக்சிகோ நகரத்து ஓட்டல் தெல் பிராதோவின் உணவுக் கூடத்தில், அலமேதாப் பூங்காவின் ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகல் கனவொன்றைத் தீட்டி முடித்தார் ரிவேரா. பதினைந்து மீட்டருக்கு மேல் நீளம். நானூறு ஆண்டு வரலாறு. மத விசாரணை மன்றத்தின் கொடுமைக்கு ஆளானோர் ஒருபுறம்; பூங்காவிலிருந்து காவலனால் விரட்டப்படும் பழங்குடிக் குடும்பம் ஒருபுறம்; நடுவில் சீமாட்டிக் கோலத்தில் ஓர் எலும்புக்கூடு! கூட்டத்தில் ஒருவர், இக்னாசியோ ராமிரெஸ் என்னும் பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சிந்தனையாளர். அவர் கையிலிருந்த தாளில், இளமையில் அவர் அவையஞ்சாது உரைத்த கருத்து எழுதப்பட்டிருந்தது: கடவுள் இல்லை.

ஓட்டலுக்கு ஆசி வழங்கப் பேராயர் மறுத்தார். இளைஞர் கூட்டமொன்று உட்புகுந்து சொற்களைச் சுரண்டிற்று. ரிவேரா மீண்டும் எழுதினார். இறுதியில் ஓவியம் மறைப்புக்குள் போயிற்று. 1956 வரை மறைந்தே கிடந்தது. அவ்வாண்டு, புற்றுநோய்க்கு மாஸ்கோவில் மருத்துவம் பெற்றுத் திரும்பிய ரிவேரா, தம் கையாலேயே அச்சொற்களை அழித்தார். தாம் கத்தோலிக்கரே என்றும் அறிவித்தார். மறு ஆண்டு மறைந்தார்.

நியூயார்க்கில் ஒரு முகத்துக்காகச் சுவரையே இழந்தவர், இங்கே சுவருக்காகச் சொல்லை இழந்தார். இது தகுமா?

தகாது என்பதே என் எண்ணம். அச்சொல் ஓவியரின் வசைமொழியன்று. ஒருவர் உரைத்த வரலாற்று உண்மை. ராமிரெசை நிற்கவைத்து, அவர் வாயை அடைப்பது வரலாற்றைத் திருத்துவதாகும். ஆயினும் கோழை என்று கூவ எனக்கு நா எழவில்லை. திரைக்குப் பின்னால் சிறைப்பட்டது அந்தச் சொல் மட்டுமா? விரட்டப்பட்ட பழங்குடிக் குடும்பமும், வதைக்கப்பட்டோரும் அதே இருளில்தானே கிடந்தனர்! எழுபதை நெருங்கிய நோயாளி, ஒன்றைக் கொடுத்து மற்றவற்றை மீட்டார். மேலும், அழித்த இடத்தை வெறுமையாக விடவில்லை. அவ்வுரை நிகழ்ந்த லெத்ரான் அவையின் பெயரையும் 1836 என்ற ஆண்டையும் எழுதிவைத்தார். சொல்லை எடுத்துவிட்டு, சொல் இருக்கும் இடத்துக்கு வழி எழுதினார்.

கத்தோலிக்கர் என்ற அறிவிப்புதான் நெஞ்சில் தைக்கிறது. அதற்கு நான் சமாதானம் தேடப்போவதில்லை.

தோழர்களே, நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் ஒன்றுண்டு. அச்சொல்லைச் சுரண்டிய இளைஞர்கள், தங்கள் உண்மையைக் காப்பதாகவே நம்பினர். மடமையைப் பரப்பும் சித்திரம் பொதுச் சுவரில் இருந்தால், நாமும் சுரண்டலாமா? இரவில் எழுதியது விடியுமுன் அழிக்கப்பட்டதைக் கண்டு குமுறியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதே சுண்ணாம்பு வாளியை நாம் தூக்கினால், குமுறும் உரிமை நமக்கு எங்கிருந்து வரும்? அடுத்த சுவர் இருக்கிறது. அதில் விடை எழுதலாம். அதற்கு உழைப்பு அதிகம்தான். சுரண்டுவது ஒரு நொடி வேலை.

1985இல் நிலநடுக்கம் அந்த ஓட்டலைச் சிதைத்தது. ஓவியம் தப்பிற்று. அதனைப் பெயர்த்துப் பூங்காவருகே கொண்டுவந்து, அதற்கெனவே ஓர் அருங்காட்சியகம் கட்டினர். 1988இல் அது திறக்கப்பட்டது. பேராயரின் ஆசி பெறாத ஓட்டல் இன்று அங்கில்லை. ராமிரெஸ் கையில் தாள் இருக்கிறது. அதில் அவையின் பெயரும் ஆண்டும் இருக்கின்றன. அங்கே அவர் என்ன பேசினார் என்று தேடுவோர்க்கு, நூல்கள் விடை சொல்கின்றன.