கூரையில் ஒரு கண்

1829-இல் பிலடெல்ஃபியாவில் ஈஸ்டர்ன் ஸ்டேட் சிறை திறந்தது. குவேக்கர் கிறிஸ்தவர்களின் கருத்தில் உருவான இடம். ஆளுக்கொரு அறை, கையில் பைபிள், கூரையில் வெளிச்சத்துக்கு ஒரு சிறு திறப்பு. அதற்குக் ‘கடவுளின் கண்’ என்று பெயர். வெளியே அழைத்துப் போனால் தலையில் முகமூடி. பக்கத்து அறைக்காரனின் முகம்கூடத் தெரியாது. சவுக்கைவிட மௌனம் கருணையானது என்று உண்மையாகவே நம்பினார்கள். தனிமையில் மனசாட்சி விழித்துக்கொள்ளுமாம்!

1842-இல் பார்க்க வந்த ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் மிரண்டுபோனார். தழும்பு விழாத இந்த வதை, உடலை வதைப்பதைவிடக் கொடியது என்று எழுதினார்.

மனவருத்தம் தானாக வர வேண்டியது. பூட்டிவைத்து வரவழைத்தால் அது வருத்தமா, பயமா? எகிப்துப் பாலைவனத்துத் துறவிகளும் தனித்திருந்தார்கள்தான். ஆனால் அவர்கள் குகைக்கு வெளியிலிருந்து யாரும் பூட்டுப் போடவில்லை.

1913-இல் அந்தச் சிறையில் தனிமை முறையைக் கைவிட்டார்கள். அதற்கு முன்பே நெரிசல் தாங்காமல் ஒரே அறையில் இருவரை அடைக்கத் தொடங்கியிருந்தார்கள்.