பேசாத மூர்த்தியும் பேசவியலாத பிள்ளையும்

கருவறையில் எழுந்தருளியிருக்கும் மூர்த்தி வாய்திறந்து எதையும் கேட்பதில்லை. ஆயினும், திருமஞ்சனம், நைவேத்தியம், பள்ளியறை என அவனுக்கு வேண்டியவற்றை நாம் வேளை தவறாது செய்கிறோம்.

1884-ஆம் ஆண்டு தட்சிணேசுவரத்தில் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர், ஜீவனைச் சிவமாகக் கண்டு சேவை செய்ய வேண்டும் என்று உணர்த்தினார். அவ்வாறாயின், பேசாத மூர்த்திக்கு அளிக்கும் கவனம் பேசவியலாத பிள்ளைக்கும் உரியதன்றோ?

ஆட்டிசம் உடையோரிலும் அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோரிலும் பலர் தம் வலியைச் சொல்ல அறியார். பல்வலி வந்த ஒருவன் தலையைச் சுவரில் மோதக்கூடும்; காதில் சீழ் கட்டிய ஒருத்தி உணவை மறுக்கக்கூடும்; மலச்சிக்கலால் துன்புறும் பிள்ளை இரவெல்லாம் அலறக்கூடும். 'இது அவர்கள் இயல்புதானே' என்று வாளாவிருந்தால் நோய் முற்றிவிடும். நடத்தை திடீரென மாறினால், அதனை உடலின் முறையீடாகக் கொண்டு, முதலில் மருத்துவரிடம் காட்டுவதே முறை.

மருத்துவமனையின் இரைச்சலும் கண்கூசும் ஒளியும் அவர்களுள் பலருக்குப் பொறுக்கவொண்ணாதவை. கூட்டம் குறைந்த நேரம், பழகிய ஒருவரின் துணை, செய்யப்போவதைப் படங்காட்டி முன்னரே விளக்கும் பொறுமை ஆகியவையும் சிகிச்சையின் பகுதிகளே.

இத்தகையோருக்கென மத்திய அரசின் தேசிய அறக்கட்டளை நடத்தும் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ரூ.1 லட்சம் வரை உதவுகிறது. வெளிநோயாளிச் சிகிச்சையும் அதில் அடங்கும். அண்டை வீட்டாருக்கு இதனை எடுத்துரைத்து, விண்ணப்பிக்கத் துணைநிற்பதும் தொண்டே. அத்திட்டத்தின் பெயர் 'நிராமயா'. நோயின்மை என்பது அதன் கருத்து.

அனைவரும் நோயற்று வாழ்க என்று நாள்தோறும் பிரார்த்திக்கிறோம். அந்த 'அனைவரும்' என்ற சொல்லுள் அப்பிள்ளையும் இருக்கிறான். சொல்லப்படாத வலியைக் கேட்கும் செவியை அன்னை நமக்கு அருள்வாளாக!