கொம்பும் தப்பும்

கி.பி. 70இல் ரோமப் படை எருசலேம் கோயிலை எரித்தது. பலிபீடம் போயிற்று, குருமாரின் வேலையும் போயிற்று. யோகனான் பென் சக்காய் என்ற ரபி யப்னே என்ற சிற்றூரில் அறிஞர்களோடு அமர்ந்து, மிஞ்சியதை எப்படிக் காப்பது என்று யோசித்தார். புத்தாண்டு ஓய்வுநாளில் வந்தால் ஆட்டுக்கொம்பைக் கோயிலில் மட்டுமே ஊதலாம் என்பது பழைய விதி. இனி நீதிமன்றம் கூடும் இடங்களிலும் ஊதலாம் என்றார் அவர். சின்ன மாற்றம்தான். ஆனால் கோயிலோடு ஓய்வுநாள் கொம்பும் ஊமையாகாமல் போனது அதனால்தான்.

இலங்கையின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் மாசி மாதம் காமன் கூத்துக்காகக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றும்போதெல்லாம் எனக்கு அந்த ரபி நினைவுக்கு வருவார். விடியலில் பிரட்டுக்கு, அதாவது வேலைக் கணக்கெடுப்புக்கு, ஆள் கூப்பிட அடித்ததும் தப்புதான், ராத்திரி கூத்தில் ரதிக்கும் மதனுக்கும் அடிப்பதும் தப்புதான். வேஷம் கட்டுகிறவர் காப்புக் கட்டி, மச்சம் விலக்கி விரதம் இருக்கிறார். பகலில் மலைக்கு வேலைக்கும் போகிறார். பொலிசும் தோட்டத் துரையும் அவரைக் கட்டாயப்படுத்தவில்லை. கூத்து வாத்தியார் சொன்னார், அது போதும்.

இதே தோட்ட மக்களை 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும் 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் பங்கு போட்டது. மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று ஒதுக்கியது. கடைசிவரை நாடற்று மிஞ்சியவர்களுக்குக் குடியுரிமைக்கு வழி திறக்க 2003 வரை ஆயிற்று. லயத்து வீடுகளில் குடியிருந்த ஆளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அத்தனை ஆண்டும் அவர்களை ஒரு சனமாக வைத்திருந்தது, தாங்களே ஏற்றுத் தாங்களே காத்த ஒழுங்கு. ஆளுகிறவன் எழுதும் சட்டத்துக்கு அந்த வலு வராது.

அதற்காக நம் ஒழுங்கு முழுவதும் நல்லது என்று சொல்ல மாட்டேன். தப்படித்தவரைச் சாதி சொல்லித் தள்ளி நிறுத்தியதும் நாம்தான். மதனை இழந்த ரதியின் ஒப்பாரியைக்கூட மரபாக ஆண்தான் பாடுகிறான். பெற்று வளர்த்து, கொழுந்து பறித்து, பறிகொடுத்து அழுத பெண்கள் ஓரத்தில் நின்று கேட்கிறார்கள்.

இன்று பையன்கள் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள். முழு விரதத்துக்கு முதலாளி லீவு தரமாட்டார். அவர்களுக்காகவும் அந்தப் பெண்களுக்காகவும் எந்த விதியைத் தளர்த்துவது, எதை விடாமல் பிடிப்பது என்று வாத்தியார்மார் உட்கார்ந்து பேசியாக வேண்டும். யப்னேயில் பேசியதும் இதைத்தான்.